சின்ன விமானமும் பத்து வீட்டுக் கையெழுத்தும்

1

வருடத்துக்கு ஒருமுறை எனக்குப் பயம் பிடிக்கும். காரணம் என் புத்தகம். ரங்கூன் என்று நம்மவர்கள் சொல்கிற யாங்கோனில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற பதிவுப் புத்தகம் அது. நான் திருச்சி பக்கத்தில், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பர்மா காலனியில் பிறந்தவள். கப்பலேறி இந்தியா திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். வீட்டுக்காரரும் மகன் செந்திலும் இங்கே பிறந்தவர்கள், குடியுரிமை அட்டை உள்ளவர்கள். நான் மட்டும் இருபது வருடத்துக்கு மேலாகியும் வெளிநாட்டுக்காரி. வருடா வருடம் அந்தப் புத்தகத்தில் முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று கடைத்தெருவில் ஒருத்தி சொன்னாள். "கப்பலே இப்ப ஓடலையே, எதுல ஏத்துவாங்க?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். இருந்தாலும் எனக்குக் கனவில் கப்பல்தான் வருகிறது.

முத்திரைக்கு முன்னால் ஓர் ஆதரவுக் கடிதம் வேண்டும். இவள் எங்கள் வட்டத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறாள் என்று எழுதி, முதல் கையெழுத்தைப் பத்து வீட்டுத் தலைவர் போடவேண்டும். இங்கே பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டு. எங்கள் பத்து வீட்டுக்கு ஊ டின். தாமுவேயில் ரயில் பாதையை ஒட்டின எங்கள் தெருவில் கடைசி வீடு அவருடையது. நல்ல மனிதர். வருடா வருடம் நான் போவேன், ஒரு தூக்குச்சட்டியில் பாயசம் கொண்டுபோவேன், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போடுவார். பேச்சே இருக்காது.

போன வருடம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் போனபோது பாயசத்தை வாங்கி வைத்தார். "கண்ணாடி உடைஞ்சிருக்கு, நாளைக்கு வா" என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

மறுநாள் பேனாவில் மை இல்லை. அதற்கு மறுநாள், தலைவலி என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. இந்த ஊரில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று இவர்கள் சங்கடப்படுவார்கள். அதற்கு ஆனாடே என்று பெயர். நல்ல குணம்தான். ஆனால் என்னைப் போல் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே, நான் என்ன செய்தேன், யாரிடம் என்ன பேசினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் திடலில் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அப்போது என் காதில் விழவே இல்லை. பழகிப்போயிருந்தது.

2

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கையையும் விரித்தால் இறக்கைக்குச் சரியாக இருக்கும். இலேசான மரத்தில் செய்து, மேலே வழுவழுப்பான தாள் ஒட்டி, மூக்கில் கட்டைவிரல் அளவு இஞ்சின் வைத்தது. தரையில் நின்றபடி கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பார்க்கத்தான் பொம்மை. சத்தம் இருக்கிறதே, பல் வைத்தியர் மிஷினைத் தலைக்குள் விட்ட மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வெயில் ஏறும்வரை, பிறகு சாயங்காலம் இருட்டும்வரை.

அந்தத் திடலில் பறக்கவிட ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர். எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவரோடு நாலைந்து பையன்கள் காரில் வருவார்கள். பாங்காக்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இஞ்சின் வரவழைக்கிற வீட்டுப் பையன்கள். செந்தில் பசுந்தாங் பகுதியில் ஜெனரேட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். ஒருநாள் கேப்டனின் இஞ்சின் ஓடாமல் அடம்பிடித்தபோது இவன் போய் எதையோ திருகினான், ஓடியது. அன்றிலிருந்து இவனும் அவர்களில் ஒருவன். உடைந்த இறக்கைகளை வாங்கி ஒட்டித் தனக்கென்று ஒரு விமானம் செய்துகொண்டான். சட்டையெல்லாம் ஆமணக்கெண்ணெய் வாடை அடிக்கும், அந்த இஞ்சினுக்கு அதைத்தான் கலக்கிறார்களாம். ஊரில் மாட்டுக்குக் கொடுத்த எண்ணெயில் இங்கே விமானம் பறக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

பக்கத்து வீட்டு டோ ஞுன் அக்கா ஊ டின்னின் தங்கை. அவள் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து கட்டிலில் கிடக்கிறார். பேச்சு இல்லை. அந்த அக்கா மாதக்கணக்காக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் மகன் ரொம்பச் சுறுசுறுப்பு. ஞாயித்துக்கிழமைகூட விடியறதுக்குள்ள எழுந்து விமானம் விடுறான்."

"ஆமாக்கா, தூங்கவே மாட்டான்" என்பேன் பெருமையாக.

"இன்னிக்கு ரொம்ப நேரம் பறந்துச்சு. எங்க வீட்டு மனுஷர் காலைலேருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்."

"அவருக்கும் பொழுது போகணும்ல அக்கா."

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அவள் புகார் சொல்லியிருக்கிறாள். நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்தச் சத்தம் ஆரம்பித்தால் அவர் நல்லாயிருக்கிற ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் அடங்கும்வரை முனகுவாராம். சோறு இறங்காதாம். மூன்றாவது நாளும் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்த இரவில் இதை எனக்குச் சொன்னது என் வீட்டுக்காரர். அவருக்கு அரிசி மண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் தெருவில் கரண்டு போனால் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் அலறும். அதை யாரும் சத்தம் என்று சொல்வதில்லை. அவரவர் ஜெனரேட்டரில் அவரவர் மின்விசிறி சுற்றுகிறது.

3

பர்மா காலனியில் சண்டை என்றால் குழாயடியில்தான். குடம் பறக்கும், பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுப்பார்கள், சாயங்காலம் அதே இரண்டு பேர் ஒன்றாக விறகு வாங்கப் போவார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாளும் ஒலிபெருக்கி போடுவார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்குப் பஞ்சும் தேவைப்படவில்லை. சத்தத்துக்காக ஒருவர் கையெழுத்தை நிறுத்திவைக்க முடியும் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை செந்திலை வாசலில் மறித்தேன். அவன் பாதி பர்மியத்தில் பேசியதை நான் தமிழாக எழுதுகிறேன்.

"இன்னிக்குப் போகாத. என் புத்தகத்துக்குக் கையெழுத்து வரணும்."

"நான் போகலன்னா விமானம் நின்னுருமா? கேப்டன் வருவார். மத்தவங்க வருவாங்க."

"அவங்களுக்கு என்ன, அவங்களை யாரு கேப்பா."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

"செந்திலு, அந்த மனுஷர் கட்டில்ல கிடந்து துடிக்கிறாராம்."

இறக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு சொன்னான்: "கடையில நான் கலா. பஸ்ஸில கலா. ஸ்கூல்ல டீச்சரே கலான்னுதான் கூப்பிட்டாங்க. அந்தத் திடல்ல மட்டும் என்னைக் கோ சேன் அப்படின்னு கூப்பிடுறாங்க. எறக்கும்போது கை தட்டுறாங்க. வாரத்துல ஒரு நாளும்மா."

கலா என்பது இந்தியர்களுக்கு இங்கே உள்ள பெயர். சொல்கிற வாயைப் பொறுத்து அது சும்மா பெயராகவும் இருக்கும், காறித் துப்பின மாதிரியும் இருக்கும். செந்தில் என்ற பெயர் வாயில் வராமல் பள்ளிக்கூடப் பதிவேட்டில் சேன் என்று எழுதினார்கள். ஊ, டோ மாதிரி கோ என்பதும் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுகிற சொல். நான் அப்போது வருத்தப்பட்டேன். அவன் அந்தப் பெயரைத்தான் தன் பெயராக வைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழிவிட்டேன். வேறென்ன செய்ய. அவன் போன பிறகு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு முனகல் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது.

4

தடிஞ்சுட் வந்தது. புத்த பிக்குகளின் மழைக்கால விரதம் முடிகிற பௌர்ணமி. தெருவெல்லாம் விளக்கு வைப்பார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் பழமும் பலகாரமும் கொண்டுபோய் மண்டியிட்டுக் கும்பிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னிக்கச் சொல்வார்கள். பெரியவர்களும் மன்னித்து வாழ்த்துவார்கள். அன்றைக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது.

சும்மா பழம் கொண்டுபோகாமல், முதலில் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். டோ ஞுன் அக்கா வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டார். பர்மாக்காரருக்கு நட்சத்திரத்துக்கு நான் எங்கே போக. "சாமி பேருக்கே பண்ணிருங்க, அவருக்கு வேண்டிக்குறேன்" என்றேன். தேங்காய் நல்ல வெடிப்பு, ஒரே தட்டில் சரிபாதி. உள்ளே பூ இருந்தது. தேங்காயில் பூ வந்தால் எவ்வளவு விசேஷம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் எழுந்து நடப்பார், எனக்குக் கையெழுத்து வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மண்டியிட்டுக் கும்பிட்டேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த பர்மிய வாசகத்தைத் தப்பில்லாமல் சொன்னேன். தட்டை நீட்டினேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். இரண்டு மூடிகளையும் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"வை, வை" என்றாள். வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் வாசலுக்கு வந்தவருக்கு டீ இல்லாமல் போகாது.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே காணிக்கைத் தட்டில் வாழைப்பழச் சீப்புகளுக்கு நடுவில் தேங்காய் முழுசாக இருக்கும், காம்புகூட ஒடிந்திருக்கக்கூடாது. காம்பு ஒடிந்ததைக் கடையில் காசு குறைத்துக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். இருபது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும், சாமி முன்னால் உடைத்தது, பிரசாதம், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று என் மனம் சொன்னது, நானும் கேட்டேன். உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிற மனிதரின் கட்டில் காலடியில், இரண்டாகப் பிளந்த தேங்காயைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் தட்டு எங்கள் படியில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. மூடிகள் இரண்டும் அப்படியே மேலே இருந்தன.

5

இரண்டு நாள் கழித்து ஊ டின்னே எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். அவர் உட்கார்ந்து, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சேன் அம்மா, உடைஞ்சதைக் கொண்டாந்து வச்சியாமே. என் தங்கச்சி ரெண்டு நாளா சாப்பிடல."

"எங்க சாமி வழக்கம்ண்ணே. அவர் நல்லாகணும்னுதான்."

"எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிஞ்சாலும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல." எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். "அவ வட்ட ஆபீஸ்ல புகார் குடுத்துட்டா. விமானச் சத்தம்னு. நான் அதை எழுதி அனுப்பணும்."

"யார் பேரெல்லாம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

ஊ டின் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு மறக்காது, அதில் அவருக்கும் பயம் இருந்தது. "கேப்டன் பேரை நான் எழுதட்டுமா? அந்தப் பையன்களோட அப்பா பேரை எழுதட்டுமா? எழுதுனா அடுத்த மாசம் நம்ம தெருவுக்கு வேற பத்து வீட்டுத் தலைவர் வருவான். நான் எழுத முடிஞ்ச பேர் ஒண்ணுதாம்மா இருக்கு."

அவரே ஒரு வழி சொன்னார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வட்ட ஆபீஸில் பதிந்திருக்கிற எங்கள் வீட்டுப் பட்டியலிலிருந்து செந்தில் பெயரை எடுத்துவிட்டால், சத்தம் செய்தவர் இப்போது இந்த வட்டத்தில் இல்லை என்று அவர் எழுதிவிடுவார். புகார் முடிந்துவிடும். பிறகு, இந்த வீட்டில் தொந்தரவு ஒன்றும் இல்லை என்று என் கடிதத்திலும் மனசாரக் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால், புகார் இருக்கிற வீட்டு வெளிநாட்டுக்காரிக்கு எப்படி ஆதரவு எழுதுவது?

"போட வேண்டாம்" என்றேன். "நான் திருச்சிக்கே போயிடுறேன். பிள்ளை இருக்கட்டும்." சொல்லிவிட்டேனே தவிர, திருச்சியில் எனக்கு யார் இருக்கிறார்கள்? தங்கை வீட்டில் ஒரு மாதம் இருக்கலாம், இரண்டு மாதம் இருக்கலாம். போனால் திரும்பி வர விசா கிடைக்குமா என்றும் தெரியாது.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த செந்தில் முன்னால் வந்தான். "எடுத்துருங்க" என்றான் ஊ டின்னிடம், பர்மியத்தில். "கேப்டன் வீட்டுல பட்டறை இருக்கு. மிங்கலாடோன் பக்கம். அங்க வந்து தங்குன்னு முன்னாலயே கூப்பிட்டார். அவங்க பட்டியல்ல சேர்த்துக்குவார்."

"டேய், நீ சும்மா இரு" என்றார் அவன் அப்பா.

"அம்மா போனா திரும்பி வர முடியாதுப்பா. நான் பஸ் ஏறுனா வந்துருவேன்."

மூன்று பேரும் சேர்ந்து பேசி எடுத்த முடிவு என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நான் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அவன் துணிகளை மடித்து வைக்கும்போதுகூட, வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. புத்தகத்தில் முத்திரை விழுந்தது. நான் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம்.

6

விமானம் நிற்கவில்லை. நின்றுவிடும் என்று ஊ டின்னும் நினைத்திருக்கமாட்டார். கேப்டன் வருவதைக் குறைத்துக்கொண்டார். பையன்கள் மட்டும் காரில் வருகிறார்கள், பாட்டும் போட்டுக்கொள்கிறார்கள். செந்தில் வருவதில்லை, அவன் திடலுக்கு வரக்கூடாது என்று ஊ டின் சொல்லியிருக்கிறார்.

கேப்டன் அவனைத் தன் வீட்டுப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. வீட்டம்மாவுக்கு விருப்பமில்லையாம். அவன் பட்டறையில் ஒரு பலகையில் படுக்கிறான். அந்த வட்டத்தில் வாரா வாரம் விருந்தாளி என்று பதிந்துகொள்கிறான். அடுத்த தடவை அட்டை புதுப்பிக்கப் போனால் எந்த வீடு என்று கேட்பார்கள். என்ன சொல்வான்? மறுபடி இங்கே சேர்க்கலாமா என்று ஊ டின்னிடம் கேட்டேன். எடுப்பதற்கு ஒரு தாள் போதும், சேர்ப்பதற்கு அந்த வட்டத்துக் கடிதம், இந்த வட்டத்துக் கடிதம், டவுன்ஷிப் ஆபீஸ் கடிதம் எல்லாம் வேண்டும் என்றார். அந்த வட்டத்தில் கடிதம் கொடுக்க அவன் அந்த வட்டத்துப் பட்டியலில் இருக்க வேண்டுமாம்.

வெயில் காலம் ஆரம்பித்தபோது டோ ஞுன் அக்கா வேலிக்கு வந்தாள். தேங்காய்க்குப் பிறகு அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசினாள். மேலே ஒரு விமானம் எங்கள் இரண்டு வீட்டுக் கூரையையும் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. அது தாண்டும்வரை காத்திருந்தாள்.

"உன் மகன் இருந்தப்போ கூரைக்கு மேல வரவிடமாட்டான்" என்றாள். "அந்தப் பையன்களைத் திட்டுவான், ரயில் பக்கமா திருப்புன்னு கத்துவான். எனக்கு இங்கேருந்து கேக்கும்."

அவள் வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. "போறேன், அவர் தேடுறார்" என்று போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செந்தில் வந்தான். காய்ச்சல். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரசம் சோறு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தன் பழைய இடத்தில் ஜன்னலோரமாகப் படுத்துக்கொண்டான். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "பஸ்ல திரும்ப முடியாதும்மா, இன்னிக்கு இங்கயே இருந்துக்கறேன்" என்றான்.

பட்டியலில் இல்லாதவர் ஒரு வீட்டில் இராத் தங்கினால் பத்து வீட்டுத் தலைவரிடம் சொல்லிப் பதிய வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து சோதனைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டால், வீட்டுக்காரர் மேல் வழக்கு, என் புத்தகத்துக்கும் கேடு. வேண்டாம், யார் வரப்போகிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொழுது சாயும் முன்னே ஊ டின் வீட்டுக்குப் போனேன்.

அவர் தாளை எடுத்தார். குனிந்துகொண்டே கேட்டார், தாளில் இருக்கிற வரிசைப்படி. விருந்தாளியின் பெயர். அட்டை எண். எங்கிருந்து வருகிறார்.

"உறவு?" என்று கேட்டுவிட்டு, மகன் என்று அவரே எழுதிக்கொண்டார். நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாள்?"

காய்ச்சல் விட எப்படியும் நாலு நாள் ஆகும். கூடுதலாகச் சொன்னால் எதற்கு என்று கேட்பார்களோ என்று பயந்து, ஒரு நாள் என்றேன்.